நூலகரிடம் எதையெல்லாம் கேட்கலாம்? வளாகத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு விளக்கம்

நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று மாவட்டத்துக்குள்ளிருந்தும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், தென்பகுதி என்று தூரத்திலிருந்தும் வருடாவருடம் புது மாணவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு நூலகர் என்றதும் பாடசாலையில் பார்த்தவர்தான் நினைவுக்கு வருவார். புத்தகத்தில் திகதி முத்திரை குத்துவார், பிந்திக் கொண்டுபோனால் தண்டப்பணம் கேட்பார், கதைத்தால் அதட்டுவார். அந்த எண்ணத்தோடேயே பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆய்வேடு எழுதும் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகர் என்ன செய்கிறார், அவரால் ஒரு மாணவருக்கோ ஆய்வாளருக்கோ என்ன நன்மை என்பதை முதல்முறை கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

யார் நூலகர்?

நூலகத்துக்குள் நுழைந்ததும் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையில் இருப்பவரைத்தான் பலரும் நூலகர் என்று நினைக்கிறோம். அவர் பெரும்பாலும் நூலக உதவியாளர். புத்தகம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதை அவரைப்போல வேகமாகச் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை. ஆனால் நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர், உதவி நூலகர் ஆகிய பதவிகளில் இருப்பவர்களின் வேலை வேறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் உபவேந்தர், பீடாதிபதி, பதிவாளர் ஆகியோரோடு சேர்த்து நூலகரையும் பல்கலைக்கழகத்தின் அலுவலர்களில் ஒருவராகக் குறிப்பிடுகிறது. உதவி நூலகர்கள் மேற்படிப்புப் படித்தவர்கள், மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள், தாங்களும் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள். இது தெரியாததால்தான் பலர் அவர்களுடைய அறைக் கதவைத் தட்டுவதே இல்லை.

எந்தப் புத்தகத்தை வாங்குவது, எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது, வந்ததை எப்படி வகைப்படுத்துவது, பட்டியலில் எந்தச் சொற்களின் கீழ்ப் பதிவது எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. வகைப்படுத்தல் சின்ன விஷயமாகத் தோன்றும். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். பல நூலகங்கள் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம வகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அந்த முறைப்படி மீன் என்ற உயிரினம் 597இல் வரும். மீன்பிடித் தொழில் 639.2இல் வரும். மீன்பிடியின் பொருளாதாரம் 338இன் கீழ் எங்கேயோ இருக்கும். மீன் சமையல் 641. ஆகவே ‘மீன் புத்தகங்கள்’ என்று ஓர் அலுமாரி எந்த நூலகத்திலும் இராது. ஒரே பொருளைப் பற்றிய அறிவு நாலு மூலைகளில் சிதறிக் கிடக்கும். எந்த மூலைக்குப் போகவேண்டும் என்பது உங்கள் கேள்வி எது என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் நூலகரின் வேலைகளில் ஆகப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

கேள்விக்குக் கேள்வி

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் இறுதி வருட ஆய்வேட்டுக்காக நூலகரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“மிஸ், மீன்பிடி பற்றிப் புத்தகம் இருக்கா?”

“எந்த மீன்பிடி தம்பி? கடலா, குளமா?”

“கடல் மிஸ்.”

“கடலில எதைப் பார்க்கப் போறீங்க? மீனையா, பிடிக்கிற ஆக்களையா, விற்கிற விலையையா?”

“ஆக்களை. எங்கட ஊர்ப் பக்கம் கரைவலை இழுக்கிற ஆக்கள் குறைஞ்சிட்டாங்க மிஸ். ஏனெண்டு பார்க்கணும்.”

“எப்ப இருந்து குறைஞ்சது?”

மாணவர் யோசிக்கிறார். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்தது. 2004இல் சுனாமி வந்தது. 2009க்குப் பிறகு கடல் திறந்தது, வேறு வேலைகளும் வந்தன.

“சுனாமிக்குப் பிறகா, சண்டை முடிஞ்ச பிறகா எண்டு சரியாத் தெரியாது மிஸ்.”

“அப்ப அதுதான் நீங்க முதல்ல தேட வேண்டியது.”

இவ்வளவுதான், ஐந்து நிமிடப் பேச்சு. உள்ளே வரும்போது மாணவரிடம் இருந்தது ஒரு தலைப்பு. வெளியே போகும்போது இருப்பது இடம், காலம், ஆட்கள் மூன்றும் குறித்த ஒரு கேள்வி. நூலகவியல் படிப்பவர்களுக்கு இந்த உரையாடலை எப்படி நடத்துவது என்று தனியாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். வந்தவர் முதலில் கேட்பது அவருக்கு உண்மையில் வேண்டியதாக இருக்காது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. வெட்கத்தாலோ, எப்படிச் சொல்வது என்று தெரியாததாலோ, நூலகத்தில் இப்படித்தான் கேட்கவேண்டும் என்ற நினைப்பாலோ நாம் எல்லோரும் பெரிய சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கிறோம்.

அடுத்தது தேடல். மாணவர் கூகுளில் தமிழில் ‘கரைவலை’ என்று போட்டால் சில செய்திகள் வரும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அங்கே இதே வலை ‘பீச் செய்ன்’ என்ற பெயரில் வரும். வேறு சிலர் ‘ஷோர் செய்ன்’ என்று எழுதியிருப்பார்கள். இலங்கையின் சட்ட ஆவணங்களிலும் தெற்கைப் பற்றிய ஆய்வுகளிலும் ‘மாதெல்’ என்ற சிங்களப் பெயர் அப்படியே ஆங்கில எழுத்தில் நிற்கும். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடுகிறவருக்கு மற்றவை கண்ணில் படாது. ‘இந்த விடயத்தில் ஆய்வே இல்லை’ என்று தன் ஆய்வேட்டில் எழுதியும் விடுவார். அது தவறான வாக்கியம் என்பது வாய்மொழிப் பரீட்சையில்தான் தெரியவரும்.

நூலகர் செய்வது இதுதான். ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போடுவார். முதல் நிரலில் வலையின் பெயர்கள் எல்லாம். இரண்டாவதில் இடத்தின் பெயர்கள்: திருகோணமலை, அதன் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள், கிழக்கு மாகாணம், இலங்கை, சிலோன். மூன்றாவதில் மாணவர் பார்க்கப்போகும் விளைவு: வருமானம், தொழில்மாற்றம், இடப்பெயர்வு. ஒரே நிரலுக்குள் இருக்கும் சொற்களை ‘ஓர்’ (OR) என்ற ஆங்கிலச் சொல்லால் இணைக்கவேண்டும். அப்படிச் செய்தால் அவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும் கட்டுரையெல்லாம் வரும். நிரல்களை ஒன்றோடொன்று ‘அண்ட்’ (AND) என்பதால் இணைக்கவேண்டும். அப்போது மூன்று விடயமும் சேர்ந்து வரும் கட்டுரைகள் மட்டும் மிஞ்சும். இரண்டு சொல் சேர்ந்த பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருபவை மட்டும் கிடைக்கும். இந்தச் சின்ன வித்தையைத் தெரிந்துகொண்ட மாணவர் அதற்குப் பிறகு எந்தத் தலைப்பிலும் தடுமாறமாட்டார்.

இங்கே ஒரு விடயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நம்முடைய ஊர் பற்றிய தகவல்கள் பல, சஞ்சிகைகளில் வந்தவையே அல்ல. மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேடு, கடற்றொழில் திணைக்களத்தின் அறிக்கைகள், நாரா எனப்படும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவர் நிலையத்தின் வெளியீடுகள், சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் தயாரித்த மதிப்பீடுகள் எல்லாம் புத்தகக் கடைக்கும் வராது, சாதாரணத் தேடலிலும் எளிதில் அகப்படாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சிறு மீனவர்கள் பற்றி ஏராளமான அறிக்கைகளை வெளியிட்டது. அவற்றில் இலங்கை பற்றியவையும் உண்டு. பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர் சொன்னால்தான் தெரியும். அந்தத் தெரிந்தவர் அநேகமாக நூலகராகத்தான் இருப்பார்.

சித்த மருத்துவ மாணவர்களுக்கு இதே பிரச்சினை இன்னொரு வடிவில் வருகிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் நெல்லியைப் பற்றிய ஆய்வுகளைத் தேடினால், தாவரவியல் பெயர் ஒன்றல்ல. இன்று ‘ஃபிலாந்தஸ் எம்பிளிகா’ என்ற பெயர் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் ‘எம்பிளிகா ஒஃபிசினாலிஸ்’ என்ற பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் தேடினால் ஒரு பெரிய பகுதி விட்டுப்போகும். மருந்து விடயத்தில் விட்டுப்போவது என்பது விளையாட்டில்லை.

தேடல் குறைந்தால் என்ன நடக்கும்?

2001இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. அதில் தொண்டராகச் சேர்ந்த 24 வயதான, எந்த நோயும் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சோடு இழுக்கக் கொடுத்தார்கள். அவருடைய நுரையீரல் பாதிக்கப்பட்டு, சில வாரங்களில் இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதைக் காட்டும் கட்டுரைகள் 1950களிலேயே வந்திருந்தன. ஆய்வு தொடங்கு முன்னர் பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தத் தளம் அப்போது 1966 வரைக்கும்தான் பின்னால் போனது. அதற்கு முந்தியவை அச்சிட்ட சுட்டித் தொகுதிகளில், நூலக அலுமாரிகளில் இருந்தன. அந்த மரணத்தை ஆராய்ந்தபோது முந்திய ஆய்வுகளைத் தேடியது போதாமல் இருந்ததும் குறையாகச் சுட்டப்பட்டது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

நூலகர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் ஒரு தரவுத்தளம் எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது, அதற்கு முந்தியதை எங்கே பார்க்கவேண்டும் என்பது நூலகருக்கு அன்றாடம் தெரிந்த விடயம். ஆய்வாளருக்கு அது தோன்றாமல் போகலாம், ஏனென்றால் அவருடைய கவனம் நோயில் இருக்கிறது. மருத்துவத்துறையில் ஒரு கேள்வி பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிடும் முறைசார் மீளாய்வுகளில் இன்று நூலகர்களையும் சேர்த்துக்கொள்வது அதிகரித்து வருகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நூலகர் இணையாசிரியராக இருந்த மீளாய்வுகளில் தேடல் முறைகள் மேலான தரத்தில் எழுதப்பட்டிருந்ததாகக் கண்டது. வேறொருவர் அதே தேடலைத் திரும்பச் செய்து சரிபார்க்க முடிந்தால்தான் அது ஆய்வு. நல்ல நூலகர் அதற்காகவே எந்தத் தளத்தில், எந்தத் திகதியில், எந்தச் சொற்களைப் போட்டோம் என்று குறித்துவைக்கச் சொல்வார்.

இளநிலை மாணவர்களைப் பற்றியும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஒன்று, முதல் பருவத்திலேயே நூலகத்தைப் பயன்படுத்திய புது மாணவர்களின் புள்ளிகள் மற்றவர்களைவிட மேலாக இருந்ததையும், அவர்கள் படிப்பைத் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததையும் காட்டியது. கெட்டிக்கார மாணவர்கள்தான் நூலகத்துக்குப் போகிறார்களோ என்ற சந்தேகத்தை இது முழுதாகத் தீர்க்காது. என்றாலும் முதல் பருவம் என்பதைக் கவனியுங்கள். இறுதி வருடம் அல்ல.

பணம் கட்டாமல் படிப்பது எப்படி?

கட்டுரையின் தலைப்பு கிடைக்கும், சுருக்கமும் கிடைக்கும், முழுவதையும் படிக்க டொலரில் பணம் கேட்கும். இந்தச் சுவரில் முட்டாத ஆய்வாளர் இல்லை. பெரிய சஞ்சிகைகளின் சந்தா எல்லாம் வெளிநாட்டு நாணயத்தில்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. அந்த வருட நடுப்பகுதியில் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. அதே சந்தாவுக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு ரூபாய் வேண்டும் என்றால் ஒரு நூலகரின் வரவு செலவுத் திட்டம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பது பெரிய பாரம். மாணவர்கள் எதைப் படிக்கிறார்கள், எதைக் கேட்டார்கள் என்ற பதிவு அவரிடம் இருந்தால்தான் சரியாக முடிவெடுக்க முடியும். ஆகவே வேண்டிய சஞ்சிகை இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிப் போகாதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முறையான வழிகள் பல இருக்கின்றன. அதே கட்டுரையின் இறுதி வரைவை எழுதியவர் தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கக்கூடும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ‘ஶ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ என்ற தளம் இருக்கிறது. உலகெங்கும் இலவசமாகப் படிக்கக்கூடிய சஞ்சிகைகளின் அட்டவணை 2003இலிருந்து இருக்கிறது, அதை டிஓஏஜே (DOAJ) என்பார்கள். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் ஹினாரி திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கியது. இன்னொரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து பிரதி வரவழைக்கும் வழியும் உண்டு. ஒன்றும் சரிவராவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதலாம். அதை எப்படி மரியாதையாக எழுதுவது என்றுகூட நூலகர் சொல்லித் தருவார். பலர் சந்தோசமாக அனுப்பிவைக்கிறார்கள்.

போலிகள்

ஒருநாள் உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் அழைப்பு வரும். ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று தொடங்கும், நீங்கள் முதுமாணி மாணவராக இருந்தாலும்கூட. உங்கள் அருமையான கட்டுரையை எங்கள் சர்வதேசச் சஞ்சிகையில் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று சொல்லும். கட்டணம் கடைசியில்தான் தெரியவரும். இவற்றை இரைதேடும் சஞ்சிகைகள் என்று சொல்லலாம். துறைசார்ந்தவர்கள் படித்துத் திருத்தும் மீளாய்வு அங்கே நடப்பதில்லை. பணம் கட்டினால் எதுவும் வெளிவரும். பதவி உயர்வுக்கோ பட்டத்துக்கோ அவசரப்படும் இளம் விரிவுரையாளர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒருமுறை அங்கே வெளிவந்துவிட்டால் அந்த நல்ல ஆய்வை வேறு சஞ்சிகைக்கு அனுப்ப முடியாது. உழைப்பு முழுவதும் வீண். இதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

இந்தப் பிரச்சினையை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் ஒரு பல்கலைக்கழக நூலகர்தான். கொலராடோவில் பணிபுரிந்த ஜெஃப்ரி பீல் இப்படியான பதிப்பகங்களின் பட்டியலைத் தொகுத்துவந்தார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை அவர் எடுத்துவிட்டார். சில பதிப்பகங்களை அவர் சேர்த்தது நியாயமா என்ற விவாதமும் இருந்தது. எப்படியிருந்தாலும் இன்று ஒரு சஞ்சிகையை நம்பலாமா என்று கேட்டால் நூலகர் பார்ப்பவை தெளிவானவை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்களா? பழைய இதழ்களின் தரம் என்ன? தன்னைச் சேர்த்திருப்பதாக அது சொல்லும் அட்டவணைகளில் உண்மையிலேயே இருக்கிறதா? கட்டணத்தை முன்கூட்டியே சொல்லியிருக்கிறதா? அரை மணிநேர வேலை, பல மாத உழைப்பைக் காப்பாற்றும்.

இன்னொரு போலி அண்மையில் வந்தது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பிறகு மாணவர்கள் அதனிடம் உசாத்துணைப் பட்டியல் கேட்கத் தொடங்கினார்கள். அது கொடுக்கும் பட்டியல் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். உண்மையான ஆய்வாளரின் பெயர், உண்மையான சஞ்சிகை, தொகுதி, இதழ், பக்க இலக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் அப்படி ஒரு கட்டுரையை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். நூலகர் அந்தச் சஞ்சிகையின் அந்தத் தொகுதியைத் திறந்து, 112ஆம் பக்கம் என்று சொல்லப்பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வேறு ஒருவருடைய, சம்பந்தமேயில்லாத கட்டுரை இருக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ (DOI) இலக்கத்தைப் போட்டுப் பார்ப்பார். அது எங்கும் போகாது, அல்லது வேறெங்கோ போகும். உலகெங்கும் நூலகர்கள் இல்லாத கட்டுரைகளைத் தேடித்தரச் சொல்லும் வேண்டுகோள்களைச் சந்திக்கிறார்கள். ‘இது இல்லை’ என்று உறுதியாகச் சொல்வதற்கு, ‘இது இங்கே இருக்கிறது’ என்று சொல்வதைவிடக் கூடிய அறிவு வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்களே ஒருதடவை திறந்து பார்த்துவிட்டு ஆய்வேட்டைக் கொடுங்கள். மேற்கோள்களைச் சேமித்துவைக்க சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை மடிக்கணினியில் நிறுவிப் பழக்கித்தரும்படி நூலகரைக் கேட்கலாம்.

சீர்காழியிலிருந்து வந்த ஒருவர்

நூலகவியலை உலக அளவில் மாற்றியவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணித விரிவுரையாளராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். தொடக்கத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, தனிமையாக இருக்கிறது என்று பழைய இடத்துக்கே போகப் பார்த்தார். பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் வாழ்நாள் முழுவதும் அதிலேயே நின்றுவிட்டார். 1931இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமி, நூலகம் வளரும் ஓர் உயிர். நாலாவது விதியைத்தான் நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். உங்கள் நேரத்தைச் சேமிப்பது அவருக்குக் கடமை. தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நீங்கள் தயங்கவே வேண்டாம்.

இங்கே எழுதியது எங்கே போகிறது?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறு பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கும்படி வைத்திருப்பதன் அருமை அந்த இழப்பை நினைத்தால்தான் தெரியும். திருகோணமலையின் பழைய பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நின்றுபோன சிற்றிதழ் என்று எதைத் தேடினாலும் முதலில் அங்கே பாருங்கள்.

பல்கலைக்கழக நூலகங்கள் தங்களுடைய அளவில் இதையே செய்கின்றன. டிஸ்பேஸ் போன்ற மென்பொருள்களில் களஞ்சியம் அமைத்து, ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் சேர்த்துவைக்கிறார்கள். நம்முடைய கரைவலை மாணவர் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரோடு கதைத்து எழுதும் ஆய்வேடு பேராசிரியரின் அலுமாரியில் கிடந்தால் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். களஞ்சியத்தில் இருந்தால் நோர்வேயில் இருக்கும் ஒரு மீன்வள ஆய்வாளர்கூட அதைப் படித்து மேற்கோள் காட்டலாம். ஆனால் அதற்குச் சரியான தலைப்பும் சுருக்கமும் குறிச்சொற்களும் வேண்டும். இங்கேயும் நூலகர்தான் ‘கரைவலை என்று தமிழிலும் போடுங்கள், ஆங்கிலப் பெயர்கள் இரண்டையும் போடுங்கள்’ என்று சொல்வார். பேட்டி கொடுத்த மீனவரின் பெயரும் வீட்டு விலாசமும் வெளியே தெரியலாமா என்றும் கேட்பார். நம்முடைய பகுதியில் அது மிக அவசியமான கேள்வி.

நூலகர் செய்யமாட்டாதவையும் உண்டு. உங்கள் ஒப்படையை எழுதித் தரமாட்டார். எந்த முடிவு சரி என்று சொல்லமாட்டார், அது உங்கள் மேற்பார்வையாளரோடு பேசவேண்டியது. ஒரு முழுப் புத்தகத்தைப் போட்டோகொப்பி எடுக்கச் சொன்னால் மறுப்பார், பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஆய்வேடு கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது போய் நின்றால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். விரிவுரையாளர் கொடுத்த ஒப்படைத் தாளைக் கொண்டுபோங்கள், அதில் இருக்கும் ஒரு சொல் முழுத் தேடலையும் மாற்றும். இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு உதவிய ஒரே ஒரு நல்ல கட்டுரை இருந்தால் அதையும் காட்டுங்கள், அதன் உசாத்துணைப் பட்டியலிலிருந்து பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்களிடமிருந்து முன்னோக்கியும் நூலகர் தேடிப்போவார். வளாகத்தில் படிக்காதவர்கள், ஆசிரியர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன தேடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, உள்ளே இருந்து படிக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். பருவத்தின் முதல் சில வாரங்களில் போனால் ஆட்கூட்டம் குறைவாக இருக்கும், நூலகருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.